காணாமல்போன கோழி... கணக்குச் சொன்ன முட்டை!

கொல்லைப்புறத்தில் பந்து தேடப்போன ஏழாம் வகுப்புச் சிறுமி, பந்தை எடுக்காமலேயே ஓடிவந்தாள். "அப்பத்தா... மட்டைக் குவியலுக்குள்ள ஏதோ சீறுது!"

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை ஒட்டிய ஒரு தெரு. முன்பக்கம் சிமென்ட் ரோடும் கேபிள் வயரும், பின்பக்கம் தென்னையும் முருங்கையுமாகப் பாதி ஊர், பாதி டவுன். பாம்பாக இருக்குமோ என்று மருமகள் கம்பைத் தேட, எழுபதைத் தொட்ட அப்பத்தா மட்டும் நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. அடைக்கோழி. கிட்ட போகாதீங்க, கொத்திப்புடும்."

காய்ந்த தென்னை மட்டைகளுக்கு அடியில், உடம்பை உப்பிக்கொண்டு ஒரு செவலைக் கோழி உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு வெளியே இரண்டு முட்டைகள் எட்டிப் பார்த்தன. அந்த வீட்டில் கோழி வளர்ப்பதே இல்லை. பிறகு இது யார் வீட்டுக் கோழி?

சிறுமிதான் முதலில் கவனித்தாள். கோழியின் இடது காலில் ஊதா நிறத்தில் ஒரு துணிக் கிழிசல். "அப்பத்தா, இது கோடி வீட்டுப் பாட்டியோட கோழி!"

அவ்வளவுதான். மருமகளின் முகம் மாறிவிட்டது.

குழாயடியில் விழுந்த பழி

கோழி வளர்க்கிறவர்கள் அடையாளத்துக்காகக் காலில் துணி கட்டுவது பழைய வழக்கம். தெருக்கோடியில் தனியாக வசிக்கும் அந்தப் பாட்டிக்கு நான்கு பெட்டைக் கோழிகள். நான்கின் காலிலும் அவருடைய பழைய ஊதாச் சேலையின் கிழிசல்தான். நாட்டுக்கோழி முட்டை விற்கும் காசில்தான் அவருக்கு மருந்து, மாத்திரை எல்லாம்.

மார்கழிக் கடைசியிலிருந்தே அவர் புலம்ப ஆரம்பித்திருந்தார். "முட்டை குறையுது. யாரோ கை வைக்கிறாங்க." அடுத்து, ஒரு நாள் சாயங்காலம் செவலைக் கோழியே கூட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பையனைச் சொல்லிவிட்டார். "அவன்தான் எப்பப் பாரு என் வேலிப்பக்கம் சுத்திக்கிட்டு இருந்தான். மொதல்ல முட்டை, இப்பக் கோழி."

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன். அப்பா இல்லை. அம்மா கட்டட வேலைக்குப் போகிறார். வேலிப்பக்கம் அவன் போனது உண்மைதான். பந்து பொறுக்கப் போனான். ஆனால், குழாயடியில் விழுந்த வார்த்தையை யார் பொறுக்கி எடுப்பது? அன்றிலிருந்து அவன் தெருவில் விளையாட வரவில்லை. அவன் அம்மா காலையில் தண்ணீர் பிடிக்க வருவதையே விட்டுவிட்டு, ராத்திரி எல்லோரும் போனபிறகு குடத்தோடு வர ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் கோழி, சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டின் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறது.

"அத்தை, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க" என்றார் மருமகள். "நம்ம கொல்லையில இருந்துச்சுன்னு தெரிஞ்சா, நாமதான் பிடிச்சு வெச்சிருந்தோம்னு சொல்லுவாங்க. அந்தப் பையனுக்கு நடந்தது நமக்கும் நடக்கும்."

மகனோ இன்னும் சுலபமான வழி சொன்னார். "ராத்திரி சுவத்துக்கு அந்தாண்ட தூக்கி விட்டுருவோம்மா. அதுவா போயிரும்."

இரண்டு பேர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கோழியைப் பற்றித் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

முட்டை குறைந்தது ஏன்?

அப்பத்தா சின்ன வயதில் பதினைந்து இருபது கோழி வளர்த்தவர். அவர் போட்ட கணக்கு இது.

வீட்டுக் கூடையில் முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால், சில கோழிகள் இடத்தை மாற்றிவிடும். ஆள் நடமாட்டமில்லாத புதர், வைக்கோல் போர், மட்டைக் குவியல் என்று மறைவான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய் முட்டையிடும். ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, நடுநடுவே ஒரு நாள் ஓய்வு என்று போகும். முட்டையிட்டு முடித்ததும் எதுவும் நடக்காததுபோல வீட்டுக்குத் திரும்பி, மற்ற கோழிகளோடு இரை தின்னும், கூட்டில் அடையும். வளர்க்கிறவருக்குக் கோழி இருக்கும். முட்டை மட்டும் இருக்காது.

பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் கோழியின் குணம் மாறும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ராத்திரிகூட வீடு திரும்பாது. வளர்க்கிறவருக்கு முட்டையும் இல்லை, கோழியும் இல்லை!

'முதலில் முட்டை, பிறகு கோழி' என்று குழாயடியில் சொல்லப்பட்ட திருட்டுக் கதை, ஒரு கோழி அடைக்குப் போகிற கதைதான். வரிசைகூட மாறவில்லை.

அன்று ராத்திரி அப்பத்தா இன்னொன்றும் செய்தார். பேத்தியின் கையில் செல்போன் டார்ச்சைக் கொடுத்தார். கோழியின் வயிற்றுக்கு அடியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தின் மேல் வைத்துக் காட்டினார். மொத்தம் 11. அதில் ஒன்பது முட்டைகளுக்குள் சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி. இரண்டு மட்டும் எதுவுமே இல்லாமல் தெளிவாக இருந்தன. அவை கூமுட்டை.

"நரம்பு ஓடியிருக்கு. அடையில உட்கார்ந்து ஒரு வாரம் ஆயிருக்கும். 11 முட்டை இட ரெண்டு வாரம். கூட்டிப் பாரு" என்றார் பேத்தியிடம்.

சிறுமி விரல் விட்டு எண்ணினாள். கோடி வீட்டுப் பாட்டி முட்டை குறைகிறது என்று சொல்ல ஆரம்பித்த நாளும் கோழி காணாமல்போன நாளும் கச்சிதமாகப் பொருந்தின.

இருந்த இடத்திலேயே பார்க்கட்டும்

"தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தா, 'எங்கேயோ ஒளிச்சு வெச்சிருந்து கொடுக்கறாங்க'ன்னுதான் பேச்சு வரும். அது இருந்த இடத்துலயே வந்து பார்க்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார் அப்பத்தா. கோழியின் நலனுக்கும் அதுதான் சரி. அடையிலிருக்கும் கோழியைப் பகலில் தூக்கி இடம் மாற்றினால், பல கோழிகள் முட்டையைக் கைவிட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே ஓடும். முட்டை குளிர்ந்துபோனால் உள்ளே இருக்கிற உயிர் நிலைக்காது.

சட்டமும் ஏறக்குறைய அப்பத்தா சொன்னதைத்தான் சொல்கிறது. அடுத்தவரின் பொருள் தற்செயலாக நம் கைக்கு வந்தால், உரியவரிடம் சேர்ப்பதற்காகப் பத்திரமாக வைத்திருப்பது குற்றமில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது விசாரித்தால் தெரியும் என்ற நிலையிலும், நமக்கே என்று எடுத்துக்கொண்டால்தான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவில் இருந்த இந்த விஷயம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவாக இருக்கிறது. காலில் துணி கட்டிய கோழி விஷயத்தில், 'யாருடையதென்று தெரியாது' என்று சொல்ல வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் தயங்கித் தயங்கித்தான் தெருக்கோடிக்குப் போனார். "அத்தை உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

வந்த பாட்டி மட்டைக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோழியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தும் சீறியது. வளர்த்தவர் என்றெல்லாம் அடைக்கோழி பார்க்காது.

"இங்கேயா கெடந்த நீ?" என்றார்.

"முட்டையெல்லாம் இங்கேதான் இட்டிருக்கு மதினி. பதினொண்ணு" என்றார் அப்பத்தா. வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு பேருமே கோழி வளர்த்தவர்கள்.

கொஞ்ச நேரம் பாட்டி எழுந்திருக்கவே இல்லை. "அந்தப் பயல..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"குழாயடியில சொன்னீங்க. குழாயடியிலயே சொல்லிருங்க" என்றார் அப்பத்தா.

21 நாள் கணக்கு

கோழி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். குஞ்சு பொரிந்து வளர்ந்ததும் வாரத்துக்குப் பிரித்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. ஆடு, மாடு, கோழியில் தென்மாவட்டங்களில் பழகிய முறை இது. உயிர் ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. வருவதில் ஆளுக்குப் பாதி. கோழி மட்டும் கோடி வீட்டுக்கே சொந்தம்.

கோழி முட்டை பொரிய 21 நாள். அந்த நாள்களில் தாய்க்கோழி செய்கிற வேலை சாதாரணமானது இல்லை. இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கிற சூட்டை, அது தன் வயிற்றுத் தோலால் கொடுக்கிறது. ஒரு நாளைக்குப் பல தடவை அலகால் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட, தண்ணீர் குடிக்க, எச்சமிட என்று தினமும் ஒரு முறைதான் எழுந்திருக்கும். அதுவும் சுமார் இருபது நிமிடம்தான்.

அந்த இருபது நிமிடத்துக்காக, மட்டைக் குவியலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரும் இன்னொன்றில் கம்பும் சோளமும் வைப்பது பேத்தியின் வேலையாயிற்று. பக்கத்திலேயே வைக்கக் கூடாது. இரைக்கு எறும்பு வரும், எறும்பு முட்டைக்கும் வரும்.

கூமுட்டை இரண்டையும் அப்பத்தா அப்போதே எடுத்துவிட்டார். சூட்டில் அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். முட்டைக்கு அடியில் கொஞ்சம் அடுப்புக் கரியும் ஓர் இரும்பு ஆணியும் வைத்தார். இடி இடித்தால் முட்டை கலங்காமலிருக்க இரும்பு என்பது அவர்கள் நம்பிக்கை. கரிக்கு ஈரத்தை இழுக்கிற குணம் இருப்பது உண்மை.

பெட்டிக்கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை இந்தக் கோழிக்கு அடியில் வைத்தால் பொரியுமா என்று சிறுமி கேட்டாள். பொரியாது. பண்ணையில் முட்டைக் கோழிகளோடு சேவல் விடுவதில்லை. அந்த முட்டையில் கருவே இருக்காது. அந்தக் கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், ஆனால் அடையில் உட்காரும் குணம் அவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குறைக்கப்பட்டுவிட்டது. நாட்டுக்கோழி முட்டை குறைவாக இட்டாலும், தன் குஞ்சைத் தானே பொரிக்கத் தெரிந்தது.

குழாயடியில் மறுபடியும்

திங்கள்கிழமை காலை. குடங்கள் வரிசையில் நின்றன. கோடி வீட்டுப் பாட்டி தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"என் கோழி கெடைச்சிருச்சு. மட்டைக்குள்ள அடை கெடக்கு. முட்டையும் அங்கேதான் இட்டிருக்கு. அந்தப் பய எடுக்கல. நான் சொன்னது தப்பு."

யாரும் பதில் பேசவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பையனின் அம்மா அங்கே இல்லை. ஆனால், அவர் காதுக்கு முதல் வார்த்தை எவ்வளவு வேகமாகப் போனதோ, இதுவும் அவ்வளவு வேகமாகப் போனது. இரண்டு நாள் கழித்துதான் அவர் காலையில் குழாயடிக்கு வந்தார். வரிசையில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

குஞ்சு வந்த நாள்

பிப்ரவரி முதல் வாரம். பொரிய இரண்டு நாள் இருக்கும்போதே, காதருகே வைத்த முட்டைக்குள் 'கீச் கீச்' சத்தம் கேட்டது. குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளை போட்டபிறகு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் பார்த்து ஓட்டை உரித்துவிடக் கூடாது. உள்சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், குஞ்சு இறந்துவிடும்.

ஒன்பதில் எட்டுப் பொரிந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பொரிந்த குஞ்சுகள் முதல் ஒன்றிரண்டு நாள் இரை தேடாது. வெளிவருவதற்குச் சற்றுமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே அதற்குக் கட்டுச்சோறு. கடைசிக் குஞ்சு வரும்வரை தாய் எழுந்திருக்காமல் இருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது.

மூன்றாம் நாள் கோழி குஞ்சுகளை வெளியே கூட்டிவந்தது. அன்றே ஒரு குஞ்சைக் காக்கை தூக்கிவிட்டது. சிறுமி அழுதாள். கோடி வீட்டுப் பாட்டியிடம் பெரிய பஞ்சாரம் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவர ஆள் வேண்டும். பாட்டி, பையன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏப்பா, இந்தப் பஞ்சாரத்தைக் கொஞ்சம் தூக்கிட்டு வர்றியா? என்னால முடியல."

பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போ என்பதுபோலத் தலையை அசைத்தார். தலையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக்கொண்டு தெரு முழுக்க அவன் நடந்து வந்தான். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

உங்கள் கொல்லையிலும் வந்தால்...

*கோழி தானாக எழுந்து போகும்வரை விரட்ட வேண்டாம். நாய், பூனை, கீரி வராமல் சுற்றிலும் மறைப்பு வையுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் ராத்திரி இருட்டில், முட்டைகளோடு சேர்த்து மாற்றுங்கள்.

*காலில் துணி, வெட்டிய நகம், இறக்கையில் சாயம் என்று அடையாளம் இருக்கிறதா பாருங்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். முதல் நாளே செல்போனில் படமெடுத்து வைப்பது நல்லது.

*உங்களிடம் ஏற்கெனவே கோழி இருந்தால், வந்த கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வையுங்கள். பேனும் நோயும் ஒட்டிக்கொள்ளும். தொட்டபிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சைக் குழந்தைகள் முத்தமிட விடக் கூடாது.

*குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். உள்ளே நாலைந்து கூழாங்கற்களைப் போட்டால் மூழ்காது. குருணை, உடைத்த கம்பு போதும்.

*வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடே காலியாகும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இதற்கான முகாம் நடத்துகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் தொடாமல் உடனே அங்கே தகவல் சொல்லுங்கள்.

ஏழு குஞ்சுகளுக்கும் சொட்டு மருந்து போட்டாயிற்று. மருந்தகத்துக்குப் பெட்டியைத் தூக்கிப்போனது அந்தப் பையனும் சிறுமியும்தான். தாயும் குஞ்சுகளும் பிரிய இன்னும் சில வாரம் இருக்கிறது. ஏழை இரண்டாக எப்படிப் பிரிப்பது என்று இரண்டு வீட்டிலும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அப்பத்தாவுக்கு அவசரமும் இல்லை.

ஒரே ஒரு மாற்றம். மற்ற மூன்று கோழிகளில் ஒன்று, போன வாரம் முட்டையிடாமல் ஏமாற்றியிருக்கிறது. கோடி வீட்டுப் பாட்டி இந்த முறை குழாயடிக்குப் போகவில்லை. கையில் ஒரு கம்போடு வேலியோரப் புதரை விலக்கிப் பார்த்திருக்கிறார். நான்கு முட்டை இருந்ததாம்!